கூட்டுச் சவாரியில் வேகம் யாருடையது?

பொழுதுபோக்குக்காகச் சைக்கிள் ஓட்டும் பத்துப் பதினைந்து பேர் விடியற்காலையில் ஓரிடத்தில் கூடி ஒன்றாகக் கிளம்பும்போது, எந்த வேகத்தில் போவது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். பந்தயத்தில் இந்தக் கேள்வி எழாது. முந்துவதே அங்கு நோக்கம். தனியாகப் போகிறவருக்கும் எழாது. அவர் உடம்பு சொல்வதே அவருக்குச் சட்டம். வலுவில் வேறுபட்டவர்கள் சேர்ந்திருப்பதற்காகவே சேர்ந்து போகும்போதுதான் அது எழுகிறது. எந்த வேகத்தை எடுத்தாலும் அது ஒருவருக்கு மிகை, இன்னொருவருக்குக் குறை. அந்த இழப்பை யார் தாங்குவது, எதற்காகத் தாங்குவது என்பது பயிற்சி முறை பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும் அடிப்படையில் ஓர் அறக் கேள்வி.

அதற்கான விடை பெரும்பாலும் முதல் இருபது நிமிடத்திலேயே, யாரும் வாய் திறந்து பேசாமலே தீர்மானமாகிவிடுகிறது. ஓய்வில் இருந்த உடம்பு பெடலை மிதிக்கத் தொடங்கியதும் தசைகளுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் உடனே வந்து சேர்ந்துவிடாது. இதயத் துடிப்பு ஏறி, ரத்தக் குழாய்கள் விரிந்து, வரத்து தேவைக்கு ஈடாவதற்கு மிதமான உழைப்பில்கூட இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசை தன் கையிருப்பைச் செலவழிக்கிறது. உழைப்பு கடுமையானால் அந்தச் சமநிலை வரத் தாமதமாகும். ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் வரவே வராது. தசையின் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறிய பிறகு ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜன் எளிதாகப் பிரிகிறது, மூட்டுகளும் இளகிக் கொடுக்கின்றன. வார்ம்-அப் என்று சவாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். வயது ஏற ஏற அதற்கு வேண்டிய நேரமும் ஏறுகிறது.

கிளம்பும் இடத்தில் நிற்கும் இருவரைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒருவர் வீட்டிலிருந்தே எட்டுப் பத்து கிலோமீட்டர் மிதித்து வந்திருக்கிறார். சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது. இன்னொருவர் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தவர். இப்போதுதான் இறக்கி டயருக்குக் காற்றடித்து முடித்திருக்கிறார். இருவரும் ஒரே நொடியில் கிளம்புவதால் சமமாகக் கிளம்பியதாகத் தோன்றும். உண்மையில் ஒருவரின் சவாரி பாதியில் இருக்கிறது, இன்னொருவருடையது தொடங்கவே இல்லை. முதல் ஆள் முன்னால் நின்று தனக்கு இதமான வேகத்தைப் பிடித்தால், இரண்டாம் ஆள் குளிர்ந்த காலோடு தன் வரம்புக்கு மேலே மிதிக்கிறார். அந்தச் சேதம் அப்போது கண்ணுக்குத் தெரியாது. அறுபதாவது கிலோமீட்டரில் தொடை இறுகிக் கால் பிடித்துக்கொள்ளும்போது எல்லோரும் அவருடைய தண்ணீரையும் சாப்பாட்டையும் குறை சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு நடந்தது யாருக்கும் நினைவிருக்காது.

இதில் கணக்கும் ஒன்று உண்டு. சமதளத்தில் சைக்கிளுக்கு முக்கியமான தடை காற்று. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 25 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ.க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதற்கான உழைப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. வலுவானவருக்கு இது பேச்சை நிறுத்தாமல் செய்யக்கூடிய மாற்றம். மெலிந்தவருக்கு அது வரம்பின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்.

அப்படியானால் நடுவான ஒரு வேகத்தை எடுத்துக்கொள்ளலாமே என்பது முதலில் தோன்றும் தீர்வு. அரிஸ்டாட்டில் இதை நேரடியாகவே மறுத்திருக்கிறார். நிகோமாக்கிய அறநூலின் இரண்டாம் புத்தகத்தில் அவர் எடுக்கும் உதாரணம் ஒரு பயில்வானின் சாப்பாடு. பத்துப் பங்கு உணவு மிகை, இரண்டு பங்கு குறை என்பதால் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு பங்கு என்று விதித்துவிட மாட்டார். மைலோ என்ற புகழ்பெற்ற மல்லனுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது அதிகம். எண்களுக்கு நடுவில் இருப்பது ஒன்று, அந்தந்த ஆளுக்கு நடுவாக இருப்பது வேறு என்பது அவர் வாதம். கூட்டுச் சவாரியில் சராசரி வேகம் எடுபடாமல் போவதற்கும் இதுவே காரணம். கூடவே இன்னொன்றும் உண்டு: இரு தரப்பின் இழப்பும் ஒரே எடையுள்ளவை அல்ல. மெதுவாகப் போகும் வலுவானவர் இழப்பது கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் பயிற்சி. வரம்பு மீறி மிதிக்கும் மெலிந்தவர் இழப்பது அன்றைய சவாரியையே. இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள இரண்டு இழப்புகளைக் கூட்டிப் பாதியாக வகுப்பது நியாயம் ஆகாது.

சேர்ந்து போவதில் கடமை எங்கிருந்து வருகிறது என்பதை மெய்யியலாளர் மார்கரெட் கில்பர்ட் ‘சேர்ந்து நடத்தல்’ பற்றி 1990இல் வெளியிட்ட கட்டுரை ஆராய்கிறது. இரண்டு பேர் அருகருகே ஒரே திசையில் நடப்பதால் மட்டும் அவர்கள் சேர்ந்து நடப்பவர்கள் ஆகிவிட மாட்டார்கள். இருவருக்கும் அதே எண்ணம் தனித்தனியே இருப்பதும் போதாது. சேர்ந்து நடப்போம் என்று இருவரும் வெளிப்படையாக உடன்பட்டு, ஒரே உடலாகச் செயல்படத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டால்தான் அது சேர்ந்து நடப்பது. அப்படிக் கட்டுண்ட பிறகு ஒருவர் விறுவிறுவென்று முன்னே போய்விட்டால், பின்தங்கியவருக்கு அவரைத் தட்டிக்கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. தன்னிச்சையாக ஒருவர் அந்தக் கட்டை அவிழ்த்துவிட முடியாது என்பதும் கில்பர்ட்டின் முடிவு.

இந்த வாதத்தைச் சைக்கிள் கூட்டத்துக்குப் பொருத்தினால் ஒரு பழைய குழப்பம் விலகுகிறது. மெதுவானவருக்காகக் காத்திருப்பதைப் பெரும்பாலான கூட்டங்கள் இரக்கமாகவே பார்க்கின்றன. காத்திருப்பவர் பெரிய மனதுக்காரர், வந்து சேருபவர் மன்னிப்புக் கேட்கிறார். கில்பர்ட்டின் வழியில் பார்த்தால் அங்கே நடப்பது கடனைத் திருப்பித் தருவது. சேர்ந்து போகலாம் என்று சொல்லிக் கூட்டிவந்தவர்கள் தங்கள் சொல்லைக் காப்பாற்றுகிறார்கள், அவ்வளவே. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருபவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

சமயங்கள் இந்தக் கேள்வியை ஆட்டு மந்தையிலும் பாலைவனப் பயணத்திலும் மலையேற்றத்திலும் வைத்துப் பேசியிருக்கின்றன. ஆதியாகமத்தின் 33ஆம் அதிகாரத்தில் ஏசா தன் ஆட்களோடு வந்து, சேர்ந்தே போகலாம் என்று தம்பி யாக்கோபை அழைக்கிறான். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளசு, மந்தையில் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்பது அவன் சொல்லும் காரணம். அண்ணன் முன்னே போகட்டும், தான் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெல்ல வருவதாகச் சொல்லி அனுப்புகிறான். அண்ணன் தம்பி இடையே இருந்த பழைய பயமும் இந்த மறுப்பில் கலந்திருக்கலாம். எனினும் சொல்லப்பட்ட காரணம் தன்னளவில் முழுமையானது: ஒரு நாளின் மிகை வேகம் பல நாளின் பயணத்தை அழித்துவிடும்.

6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவு மடத்துக்கு எழுதிய விதிநூல் இந்த வசனத்தை எடுத்து ஒரு தலைவனின் இலக்கணமாகவே மாற்றியது. மடாதிபதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 64ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் நிதானம் நினைவூட்டப்படுகிறது. அதைத் தொடர்ந்து, வலுவுள்ளவர்கள் முயன்று எட்ட ஏதாவது இருக்கும்படியும், மெலிந்தவர்கள் பயந்து ஓட எதுவும் இல்லாதபடியும் எல்லாவற்றையும் அமைக்க வேண்டும் என்கிறது விதி. சவாரியை நடத்துகிறவர்கள் படிக்க வேண்டிய வரி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். மெலிந்தவரைக் காப்பது மட்டும் அதன் நோக்கம் இல்லை. வலுவானவரின் ஆசைக்கும் அதில் இடம் உண்டு.

இஸ்லாமிய மரபில் இதன் செயல்வடிவம் இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. நபிகள் பயணங்களில் கூட்டத்தின் பின்னால் வருவார், தளர்ந்தவர்களின் ஒட்டகத்தை முடுக்கிவிடுவார், நடக்க முடியாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார் என்று அபூதாவூதின் நபிமொழித் தொகுப்பு சொல்கிறது. தொழுகையை நடத்துகிறவர் அதை நீட்டக் கூடாது, பின்னால் நிற்பவர்களில் முதியவரும் நோயாளியும் வேலை இருப்பவரும் உண்டு என்ற அறிவுரை புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. தனியாகத் தொழும்போது விரும்பிய அளவு நீட்டிக்கொள்ளலாம். தனி அளவு ஒன்று, கூட்டு அளவு ஒன்று என்ற இந்தப் பிரிப்பு மிக முக்கியமானது. தலைவரின் இடம் வரிசையின் முன்னால்தான் என்ற எண்ணத்தையும் முதல் செய்தி அசைத்துவிடுகிறது. கூட்டத்தின் நிலைமை தெரிவது கடைசி ஆளின் பக்கத்தில்தான்.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானப் பர்வம் இவற்றுக்கு எதிராகப் பேசுவது போலத் தோன்றும். இமயத்தில் ஏறும்போது முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அருச்சுனன், கடைசியில் பீமன். ஒவ்வொருவரும் விழும்போது காரணம் சொல்லும் தருமன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அதே தருமன், இந்திரன் தேரோடு வந்து அழைக்கும்போது, தன்னை நம்பிக் கூடவே வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கும் வர மாட்டேன் என்கிறான். தம்பிகளுக்காக நிற்காதவன் நாய்க்காக ஏன் நின்றான் என்பது இதிகாசத்தின் கடினமான இடங்களில் ஒன்று. ஒரு விடை இப்படி அமையலாம். எல்லாவற்றையும் துறந்து கிளம்பிய அந்தப் பயணத்தில் யாரும் யாருக்கும் துணை நிற்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வினையோடு, விழும்வரை நடப்பதென்றே கிளம்பினார்கள். நாயின் நிலை வேறு. அதற்கு அவனைத் தவிரப் போக்கிடம் இல்லை; அடைக்கலமாக வந்ததைக் கைவிடுவது பெரும் பாவம் என்றே அவன் இந்திரனிடம் வாதாடுகிறான். ஆக, விட்டுப்போவது எல்லா நேரமும் குற்றம் இல்லை. எந்த உடன்பாட்டின் பேரில் கிளம்பினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இதே வேறுபாடு சைக்கிள் வரலாற்றில் இரண்டு அமைப்புகளாகவே பிரிந்து நிற்கிறது. 1897இல் இத்தாலியச் சவாரிக்காரர்கள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை சுமார் 230 கி.மீ. தொலைவைப் பகல் பொழுதுக்குள் கடந்தார்கள். அதிலிருந்து பிறந்த அவுடாக்ஸ் என்ற நெடுந்தொலைவுச் சவாரி முறையை, டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்ச் 1904இல் பிரான்சில் நிறுவினார். அவருடைய முறையில் எல்லோரும் ஒரே கூட்டமாக, ஒரு வழிநடத்துநர் வைக்கும் வேகத்தில் போக வேண்டும். அவரை யாரும் முந்தக் கூடாது. அந்த வேகம் இன்று மணிக்கு 22.5 கி.மீ. 1921இல் அவருக்கும் பாரிஸ் அவுடாக்ஸ் கிளப்புக்கும் இடையே ஏற்பட்ட பிளவுக்குப் பிறகு அந்தக் கிளப் வேறு வழியில் போனது. அவரவர் வேகத்தில், தனியாகவோ சேர்ந்தோ, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்ற ராந்தொன்னேர் முறையை அது வளர்த்தது. இந்த முறையில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம், 600 கி.மீ.க்கு 40 மணி. சென்னை, கோவை போன்ற ஊர்களிலிருந்து இன்று நடத்தப்படும் பிஆர்எம் என்ற நெடுந்தொலைவுச் சவாரிகள் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தவை. 1931இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. சவாரியை இரண்டு தரப்பும் தத்தம் முறையில் நடத்தின.

ஒன்றில் சமத்துவம், இன்னொன்றில் சுதந்திரம் என்று இவற்றை எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். இரண்டுமே நியாயமானவை என்பதுதான் சரியான கணிப்பு. 22.5 என்று அறிவித்துவிட்டு அதிலேயே போகும் கூட்டம் யாரையும் ஏமாற்றுவதில்லை. அந்த வேகம் தனக்கு ஆகாது என்று தெரிந்தவர் முன்பே விலகிக்கொள்ளலாம். அவரவர் வழி என்று அறிவித்த சவாரியில் ஒருவர் முன்னே போனால் அது துரோகம் இல்லை. அநியாயம் நடப்பது இவற்றுக்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமைச் சவாரிகளில். சேர்ந்து போவோம் என்று சொல்லிக் கூட்டுகிறார்கள். நகர எல்லையைத் தாண்டியதும் அவரவர் வேகத்தில் பிரிகிறார்கள். அவுடாக்ஸின் பெயரில் அழைத்து ராந்தொன்னேராக ஓட்டுவதால், வந்தவருக்குக் கூட்டத்தின் துணையும் இல்லை, தன் வேகத்தில் போகும் நிம்மதியும் இல்லை.

இந்த வாக்கு உடைவது பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. இருவர் இருவராகப் போகும் வரிசையில் முன்வரிசைக்காரர் ஒருவர் பக்கத்து ஆளைவிட அரைச் சக்கரம் முன்னே இருப்பார். அடுத்தவர் அதை ஈடுசெய்ய ஒரு மிதி கூட்டுவார். முதலாமவர் தன்னையறியாமல் மீண்டும் அரைச் சக்கரம் முந்துவார். பத்து நிமிடத்தில் வேகம் 24இலிருந்து 29 ஆகியிருக்கும். ஏற்றியது நீதான் என்று யாரையும் கைகாட்ட முடியாது. மயிலிறகேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற எச்சரிக்கை திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் வருவது தமிழ் வாசகர் அறிந்ததே. முறிவது வரிசையின் பின்பகுதியில். திருப்பத்திலும் சிக்னலிலும் முன்னால் இருப்பவர் லேசாக வேகம் குறைத்துக் கூட்டினால், அந்த அதிர்வு பின்னே போகப் போகப் பெரிதாகி, கடைசி ஆள் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியதாகிறது.

மேட்டின் உச்சியில் நடப்பது இதைவிடக் கூர்மையான உதாரணம். ஏற்றத்தில் வலுவானவர்கள் முதலில் மேலே போய்ச் சேர்கிறார்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, தண்ணீர் குடித்து, வாழைப்பழம் உரித்து, ஏழெட்டு நிமிடம் இளைப்பாறுகிறார்கள். கடைசி ஆள் முகம் சிவந்து வந்து சேர்கிறார். “வந்தாச்சு, கிளம்பலாம்” என்று எல்லோரும் ஷூவைப் பெடலில் பூட்டுகிறார்கள். எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள் என்பது உண்மை; ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை என்பதும் உண்மை. காத்திருந்த நேரத்தை அளந்தால் கூட்டம் நிறையக் கொடுத்திருக்கிறது. அவர் கையில் வந்து சேர்ந்ததை அளந்தால் ஒன்றுமில்லை. பகிர்வில் நியாயத்தைக் கொடுத்தவரின் கணக்கில் பார்ப்பதா, பெற்றவரின் கணக்கில் பார்ப்பதா என்ற பழைய விவாதத்துக்கு இவ்வளவு சுத்தமான உதாரணம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கடைசி ஆள் வந்த பிறகே ஓய்வு நேரம் தொடங்கும் என்ற விதி இதைச் சரிசெய்துவிடும்.

மெலிந்தவர் ஏன் வாய் திறந்து சொல்வதில்லை என்ற கேள்வி இங்கே வரும். ஆட்சிக்கு மக்கள் மறைமுகமாகச் சம்மதிக்கிறார்கள் என்று ஜான் லாக் வாதிட்ட காலத்திலிருந்தே, சும்மா இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்பது விவாதப் பொருள். மௌனம் சம்மதம் என்று நம் வழக்கிலும் சொல்வதுண்டு. வரம்பு மீறி மிதிப்பவரிடம் இது செல்லாது. அவருக்குப் பேச மூச்சு இல்லை. கத்தினாலும் எதிர்க்காற்றில் முன்னால் கேட்காது. வசதியான வேகம் என்றால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் எளிய சோதனை. வரிசையின் பின்னால் பேச்சு நின்றுபோனால் அதுவே மறுப்பு. ஆகவே கேட்கும் பொறுப்பு மூச்சு உள்ளவர் பக்கம் சேர்கிறது.

வலுவானவரின் ஆசையும் பொய்யானதல்ல. வேகமாகப் போவது இன்பம்; அதற்காகவே மாதக்கணக்கில் உழைத்தவரிடம் அதை அடக்கிக்கொள் என்று மட்டும் சொல்வது அரைகுறை அறம். பெனடிக்டின் விதியில் வலுவானவருக்கும் முயன்று எட்ட ஏதோ இருக்க வேண்டும் என்று சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். சமதளத்தில் அவருக்கு ஏற்ற வேலை முன்னால் நின்று காற்றைத் தாங்குவது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒருவரின் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் போகிறவரின் ஆக்ஸிஜன் செலவு ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. மெதுவான வேகத்தில் லாபம் குறைவு, இருந்தாலும் உண்டு. எதிர்க்காற்றில் முன்னால் நெடுநேரம் நிற்பவர் தன் முழு வலுவையும் செலவிடுகிறார். பின்னால் வருபவர் அதே வேகத்தில் இதமாகப் போகிறார். இருவரும் தத்தம் அளவில் உழைப்பதும் சேர்ந்திருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஏற்றத்தில் வேகம் குறைவதால் இந்தக் காற்று மறைப்பு உதவாது. அங்கே அவரவர் வேகத்தில் ஏறுவதே சரி. மேலே போய்ச் சேர்ந்தவர் திரும்ப இறங்கிக் கடைசி ஆளோடு மறுபடி ஏறலாம், அதில் அவருக்குப் பயிற்சியும் இரட்டிப்பாகும்.

மெலிந்தவருக்கும் கடமை உண்டு, அதை இரக்கத்தின் பெயரில் மறைப்பது அவரை மதிப்பதாகாது. அறிவித்த வேகம் தன்னால் முடியுமா என்று வரும் முன்பே தன்னைத்தானே சோதித்துக்கொள்வது முதல் கடமை. வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தது அரசனுக்காக என்றாலும், தன் வலுவைக் கூட்டிச் சொல்லிக் கிளம்புவதன் ஆபத்து சாலையிலும் அதேதான். சவாரியின் முதல் கால் மணி நேரத்தில் கஷ்டம் என்று தெரிந்தால் அப்போதே சொல்வது இரண்டாவது. பெருமைக்காக முப்பது கிலோமீட்டர் மறைத்து வைத்துப் பிறகு சாலையோரம் உட்காருபவர், கூட்டத்தின் வாக்கைக் காப்பாற்றவே முடியாத நிலைக்குக் கொண்டுவருகிறார்.

ஒருவரால் இனி முடியாது என்ற கட்டமும் சில சமயம் வரும். கட்டுப்பட்ட வேகத்தில் போகும் கூட்டம் அப்போது அவருக்காக நாள் முழுவதையும் நிறுத்திவிட வேண்டியதில்லை. பெரும்பாலானோரின் நேரமும் வெளிச்சமும் வாக்கின் பகுதிதான். கில்பர்ட்டின் முறையில் இதற்கும் வழி இருக்கிறது: கட்டை ஒருவர் தன்னிச்சையாக அவிழ்க்க முடியாது, உரியவர்கள் பேசி அவிழ்க்கலாம். யார் அவரோடு தங்குவது, அருகிலுள்ள ரயில் நிலையம் அல்லது பஸ் நிறுத்தம் எது, டியூபும் பம்பும் யாரிடம் இருக்கிறது என்று அங்கேயே நின்று பேசித் தீர்த்துவிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு மற்றவர்கள் கிளம்பலாம்.